சும்மா லைட்

அவருக்கு ‘முடியாது’ என்று சொல்ல வராது. எதைக் கேட்டாலும், யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “ஆச்சு.” கல்யாணத்துக்குப் படம் எடுக்க வருகிறீர்களா என்றால் ஆச்சு. அதே முகூர்த்தத்துக்கு இன்னொருவர் வந்து கேட்டாலும் ஆச்சு. மூன்று பேர் தனித்தனியாக டீக்குக் கூப்பிட்டால் மூன்றையும் குடித்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே என் கவுண்டருக்கு முன்னால் வந்து நிற்பார். பாகலூர்க்காரர். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மூன்று பாஷையிலும் அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவர் கற்றுக்கொள்ளவில்லை.

ஓசூரில் ஒரு கலர் லேப்பில் நான் படம் போடுகிறவளாக வேலை பார்த்த காலம் அது. என் வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்து, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து அவர் பின்னாலேயே நானும் வந்தவள். சும்மா இருக்க வேண்டாம் என்று போனேன். அதற்கப்புறம் பல வருஷம் சும்மா உட்காரவே முடியவில்லை. ஊரில் நடக்கிற கல்யாணம், காதுகுத்து, கம்பெனி விழா, ரோட்டில் கவிழ்ந்த லாரி எல்லாம் ஃபிலிம் சுருளாக என் கைக்கு வரும், படமாக வெளியே போகும். நாளெல்லாம் நின்று நின்று கால் நரம்பு புடைத்துவிட்டது. மருந்து வாசனை சோற்றில்கூட வரும். சாயங்காலம் ஆனால் போட்டோகிராபர்கள் ஒவ்வொருவராக வந்து எங்கள் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். படம் வாங்க வந்தவர்கள் என்று பெயர். அவர்கள் பேச்சைக் கேட்பதும் என் வேலையில் ஒரு பகுதி. அதற்குச் சம்பளம் கிடையாது.

அந்தப் பெஞ்சில் கடைசி ஓரம் அவருடையது. ஒல்லியான மனிதர். சட்டைக்கு மேல் பை பையாகத் தைத்த ஒரு மேல்சட்டை. தோளில் ஃப்ளாஷுக்கு உண்டான பேட்டரி எப்போதும் தொங்கும், சாப்பிடும்போதுகூட. நான் எங்கள் ஊர் வழக்கத்தில் அவரை அண்ணாச்சி என்பேன். மளிகைக் கடை வைத்திருப்பவரைக் கூப்பிடுவது மாதிரி இருக்கிறது என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். “அதுவும் மரியாதைதான, கூப்புட்டுக்கோ தங்கச்சி” என்பார்.

ஒரே முகூர்த்தத்தில் இரண்டு கல்யாணம் ஒப்புக்கொண்ட கதையை அவர் இல்லாதபோதெல்லாம் பெஞ்சில் சொல்லிச் சிரிப்பார்கள். பாகலூரில் ஒன்று, ஓசூரில் ஒன்று. பாகலூரில் தாலி கட்டிய கையோடு மொபெட்டை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறார். வந்து சேர்வதற்குள் இங்கே கட்டி முடித்து, மாப்பிள்ளை மெட்டி போடக் குனிந்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் அப்படியே வண்டியைத் திருப்பியிருப்பார்கள். இவர் நேராக மேடைக்குப் போய், மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பெண்ணின் கழுத்துப் பக்கம் கொண்டுபோனாராம். பெண்ணின் தாய்மாமா எகிறிக்கொண்டு வந்திருக்கிறார். தாலி என்ன ரெண்டு தடவை கட்டுறதா என்று. “கட்ட வேணாம் மாமா. கைய மட்டும் அங்க வைக்கச் சொல்லுங்க, ஆச்சு” என்றாராம் இவர். மேளக்காரரிடம் கெஞ்சி இன்னொரு முறை கெட்டிமேளம் அடிக்கவைத்து, கீழே கிடந்த அட்சதையைக் கூட்டி அள்ளிப் போடவும் வைத்திருக்கிறார்.

அந்தப் படத்தைப் போட்டவள் நான். தாலி கட்டுகிற படத்தில் எந்தப் பெண்ணும் நிமிர்ந்திருக்கமாட்டாள். இந்தப் பெண் வாய்விட்டுச் சிரிக்கிறாள், மாப்பிள்ளையும் சிரிக்கிறான், பின்னால் தாய்மாமா முறைக்கிறார். அவர்கள் வீட்டில் அதைத்தான் பெரிதாக்கிக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

இப்படிச் சில தடவை அவருடைய ‘ஆச்சு’ நன்றாகவே ஆகியிருக்கிறது. ஆகாதபோது அது என் தலையில் விழும்.

அது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் ஒரு நாள் ஏதோ கம்பெனி விழாவுக்குப் போய்விட்டு வந்து, உங்க அண்ணாச்சி தீபாவளி மாதிரி அடிச்சுத் தள்ளிட்டாரு, உனக்கு ஒரு வாரத்துக்கு வேலை இருக்கு என்றார். மறுநாள் வந்தது ஒரே ஒரு சுருள். அதிலும் கடைசியில் கொஞ்சம் மிச்சம். அப்போதுதான் எனக்குச் சும்மா லைட் என்றால் என்னவென்று தெரிந்தது.

ஃப்ளாஷின் முதுகில் ஒரு பொத்தான் இருக்கும். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக வைத்தது. அதை அழுத்தினால் லைட் மட்டும் பளிச்சென்று அடிக்கும், கேமராவுக்குள் ஃபிலிம் அசையாது. ஃபிலிம் விற்கிற விலையில், மேடையேறி நிற்கிற எல்லாரையும் எடுத்தால் போட்டோகிராபர் வீடு போய்ச் சேர முடியாது. காசு கொடுக்கிற கல்யாண வீட்டுக்காரர் தன் சொந்தக்காரர்களை மட்டும்தான் ஆல்பத்தில் வைப்பார். மற்றவர்களுக்குச் சும்மா லைட். இது எல்லாரும் செய்வதுதான். குடித்துவிட்டு மேடையேறுகிறவனுக்கு அடிப்பார்கள், குறுக்கே குறுக்கே ஓடுகிற பிள்ளைகளுக்கு அடிப்பார்கள். இவர் ஒருவர்தான் கேட்டவருக்கெல்லாம் அடித்தார். காரணம் வேறென்ன, ‘முடியாது’ என்று சொல்ல வராது.

ஏன் இப்படி ஏமாற்றுகிறீர்கள் என்று நான் கேட்டேன். அவருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை.

“இல்லன்னு சொன்னாத்தான தங்கச்சி ஏமாத்தம்? மூஞ்சி அப்பிடியே விழுந்துரும். ஒரு லைட்டு அடிச்சா சந்தோசமா எறங்கிப் போறான். சும்னே லைட்டுதான, யாருக்கு என்ன நட்டம்?”

யாருக்கு நட்டம் என்று எனக்குத் தெரியும். லைட் வாங்கிப் போனவர்கள் பத்து நாள் கழித்துப் படம் கேட்டு அவரிடம் போவார்கள். “ஆச்சு, லேப்ல குடுத்திருக்குது, போய்க் கேளுங்க” என்று என்னிடம் அனுப்பிவிடுவார். நான்தான் ஃபிலிம் சுற்றிக்கொண்டது, வெளிச்சம் பட்டுவிட்டது, கண்ணை மூடிவிட்டீர்கள் என்று ஆளுக்கொரு பொய் தயாரிக்க வேண்டும். அவர் ஊருக்கெல்லாம் நல்லவர். அவர் சொல்லாத ‘இல்லை’ எல்லாவற்றையும் நான் சொல்லிச் சொல்லி, லேப்பில் ஒரு சிடுமூஞ்சி இருக்கிறாள் என்று எனக்குப் பெயர் வந்துவிட்டது. அது பொய்யென்றும் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. எங்களுக்கும் ஒருமுறை அடித்திருக்கிறார். வீட்டுக்காரரோடு வேலை பார்ப்பவரின் தங்கை கல்யாணம். வரவேற்பில் வரிசையில் நின்று, மொய்க் கவரைக் கொடுத்துவிட்டு, நான், வீட்டுக்காரர், எங்கள் மகள் மூவரும் பெண் மாப்பிள்ளை பக்கத்தில் நின்றோம். மேடைக்குக் கீழே இவர். என்னைப் பார்த்ததும் தலையாட்டினார். மற்றவர்கள் சும்மா லைட் என்றால் எங்கேயோ பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்குவார்கள். இவர் அப்படியில்லை. முழு வேலையும் செய்வார். மகளை ஒரு அடி முன்னால் வரச்சொன்னார். என் முந்தானையைச் சரிசெய்யச் சொன்னார். வீட்டுக்காரரின் தலையை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்றார். பிறகு கேமராவில் கண்ணை வைத்து நிதானமாகப் பார்த்தார். லைட் அடித்தது. கேமராவின் ‘கிளிக்’ வரவில்லை. வருஷக்கணக்காக இதே வேலையில் கிடக்கிற எனக்கு அது கேட்காமல் போகுமா? படம் இல்லை என்று தெரிந்துகொண்டேதான் நின்றேன். இருந்தாலும் அந்த வெளிச்சம் முகத்தில் பட்டபோது சந்தோஷமாக இருந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்கு யாரோ எங்களை உட்கார்ந்து பார்த்த மாதிரி இருந்தது. அன்றைக்கு அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அடுத்த நாள் வழக்கம்போல் வந்துவிட்டது.

அந்தம்மா வந்தது இதற்குப் பிறகு.

தளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். காய் மூட்டையோடு வண்டியில் ஓசூர் மார்க்கெட்டுக்கு வந்து, விற்றுவிட்டு, மத்தியானம் பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் லேப்புக்கு வந்தார். கன்னடம் கலந்த தமிழ். கையில் ஒரு மஞ்சப்பை. ஃபோட்டோக்கார அண்ணன் இங்கே கேட்கச் சொன்னார் என்றார். நான் வழக்கமான பொய்யில் ஒன்றைத் தேடிக்கொண்டிருக்கும்போதே விஷயத்தைச் சொன்னார். ஒரே மகன். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. ஷிப்ட் முடிந்து சைக்கிளில் அறைக்குத் திரும்பும்போது ஹைவேயில் லாரி அடித்துப் போய்விட்டான். போவதற்கு முன்னால் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தவன், ஆயுத பூஜை அன்றைக்கு என் மிஷின் பக்கத்தில் நிற்கவைத்து ஒரு போட்டோ எடுத்தார்கள், வந்ததும் கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான்.

வீட்டில் அவன் படம் வேறு எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் எடுத்த ஒரு குரூப் போட்டோ, கறுப்பு வெள்ளை. அதில் அவன் முகம் பட்டாணி அளவு. காண்ட்ராக்ட் ஆட்களுக்குக் கம்பெனி கொடுத்த பாஸில் படம் கிடையாது. ஓட்டு அட்டைக்குப் படம் எடுக்க ஊருக்கு வந்தபோது அவன் ஓசூரில் இருந்திருக்கிறான். வருஷம் திரும்புகிறது, திதி அன்றைக்குப் படம் வைத்து மாலை போட வேண்டும் என்றார் அந்தம்மா. அதற்குள் கிடைத்தால் போதும் என்றார்.

அவர் எங்கள் லேப்பிலேயே விட்டுவைத்திருந்த அந்த ஆயுத பூஜைச் சுருளை எடுத்து விளக்குக் கண்ணாடி மேல் பரப்பிப் பார்த்தேன். முதலாளி பூசணிக்காய் உடைக்கிறார். மேனேஜர் சாம்பிராணி காட்டுகிறார். நிரந்தரத் தொழிலாளிகள் வரிசையாக நிற்கிறார்கள். காண்ட்ராக்ட் ஆட்களைக் குரூப் போட்டோவுக்கே கூப்பிடவில்லை. அவன் எங்கேயும் இல்லை. தெரிந்தேதான் தேடினேன். இருந்தாலும் ஓரத்தில், யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒரு அரை முகம் இருந்துவிடாதா என்று லென்ஸை வைத்து வைத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் அவர் வந்ததும் பிடித்துக்கொண்டேன். ஆயுத பூஜை அன்றைக்கு ஒவ்வொருவனும் தன் மிஷின் பக்கத்தில் நின்று ‘அண்ணே ஒன்னு, அண்ணே ஒன்னு’ என்று கூப்பிட்டதாகவும், வழக்கம்போல் அடித்துக்கொண்டே போனதாகவும் சொன்னார். இதை அந்தம்மாவிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்றேன்.

“போனேன் தங்கச்சி, சொல்லிரலாம்னுதான் வாயத் தெறந்தேன். அந்தம்மா மூஞ்சியப் பாத்ததும் ஆச்சுன்னு வந்துருச்சு. நீ பாத்து சொல்லிடு.”

என்னாலும் முடியவில்லை. எத்தனையோ பேருக்கு முகத்தில் அடித்தாற்போல் சொன்னவள், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றுதான் சொன்னேன். அதற்கப்புறம் காய் கொண்டுவருகிற நாளெல்லாம் அந்தம்மா வர ஆரம்பித்தார். பெஞ்சின் ஓரத்தில் உட்காருவார். அவசரப்படுத்தமாட்டார். போகும்போது எனக்கு இரண்டு பிடி பீன்ஸ், சில நாள் கொத்தமல்லிக் கட்டு. அதை வாங்கிக்கொண்டு போய்ச் சமைக்கிறபோது எனக்குச் சோறு இறங்காது.

இந்த நேரத்தில்தான் அந்தப் புதுக் கேமரா பேச்சு வந்தது. பத்திரிகைகளுக்குப் படம் அனுப்புகிற ஒருவர் எங்கள் பெஞ்சில் உண்டு. அவர்தான் பெங்களூரில் வாங்கிய இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தார். ஃபிலிம் இல்லாத கேமரா. முன்னாலேயே அப்படி ஒன்றிரண்டு வந்ததாகக் கேள்விப்பட்டிருந்தோம், எல்லாம் விளையாட்டுச் சாமான் என்று விட்டுவிட்டார்கள். இது தொழில் செய்கிறவர்களுக்கென்றே செய்தது, இந்த வருஷம் வரப்போகிறது என்று போட்டிருந்தது. அன்றிலிருந்து பெஞ்சில் வேறு பேச்சே இல்லை.

பத்திரிகைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. படம் எடுத்து, கழுவி, கவரில் போட்டு, சேலம் பஸ் கண்டக்டரைக் கெஞ்சிக் கொடுத்தனுப்புவதிலேயே அவர் பாதி ஆயுள் போயிருந்தது. இனி போன் வயரிலேயே படம் போய்விடும் என்றார். பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டுடியோக்காரர் விலையைக் கேட்டுவிட்டு, இந்தப் பணத்துக்குப் பாகலூர் ரோட்டில் இடம் வாங்கிப் போடுவேன் என்றார். சொன்னபடியே வாங்கியும் போட்டார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தவர்களில் இன்றைக்கு நன்றாக இருப்பது அவர்தான். கல்யாணம் மட்டும் எடுக்கிற தெலுங்குக்காரர் இன்னொருவர் இருந்தார். அவருக்கு நெகட்டிவ் கவலை. நெகட்டிவ் என் பீரோவில் இருக்கிற வரைக்கும்தான் கல்யாண வீட்டுக்காரன் காப்பி போட என்னிடம் திரும்பி வருவான், அது இல்லையென்றால் எவன் என்னை மதிப்பான் என்பார். ஃபிலிம் இல்லையென்றால் லேப் எதற்கு என்று யாரோ சொல்ல, எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கால் வலி குறையும் என்றேன். அப்போது எனக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றியது.

அவரிடமும் கேட்டார்கள், நீ வாங்குவியா என்று. “ஆச்சு, வாங்கிரலாம்” என்றார். பெஞ்சே சிரித்தது.

அப்புறம் ஒரு நாள் எங்களுக்குப் பேப்பரும் மருந்தும் கொண்டுவருகிற பெங்களூர் ஏஜெண்ட், அந்தக் கேமராவையே ஒரு நாளைக்கு இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சேலம் போகிற வழியில் ஓசூரில் காட்டிவிட்டுப் போகிறாராம். சொல்லியனுப்பியதும் எல்லாரும் வந்துவிட்டார்கள். மத்தியான நேரம். அந்தம்மாவும் பஸ்ஸுக்கு முன்னால் வழக்கம்போல் வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். திதிக்கு இன்னும் அதிக நாள் இல்லை.

ஏஜெண்ட் கேமராவை எடுத்து எங்கள் பக்கம் திருப்பி ஒன்று அடித்தார். பிறகு அதன் முதுகைக் காட்டினார். அங்கே தீப்பெட்டி அளவில் ஒரு கண்ணாடி. அதற்குள் நாங்கள். தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். ஓரத்தில் மஞ்சப்பையோடு அந்தம்மாவும் அதில் தெரிந்தார். எடுத்த நொடியே படம் விழுந்ததா இல்லையா என்று எல்லாரும் பார்த்துக்கொள்ளலாம், ஃபிலிம் செலவே கிடையாது, வேண்டாததை அழித்துவிடலாம் என்று ஏஜெண்ட் சொல்லிக்கொண்டே போனார். அழித்தும் காட்டினார். ஒரு பொத்தான், கண்ணாடி கறுத்துவிட்டது. பெஞ்சில் யாரோ ‘அய்யோ’ என்றார்கள்.

அதுவரைக்கும் பின்னால் நின்ற அண்ணாச்சி அப்போதுதான் கேட்டார். “இந்தக் கண்ணாடிய அணைச்சு வைக்க முடியுங்களா சார்?”

ஏஜெண்டுக்கு விளங்கவில்லை. அதுதானே இதில் விசேஷம், அதை எதற்கு அணைக்கணும் என்றார். தெலுங்குக்காரருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“சும்மா லைட்டுக்கு சார். எங்க ஆளு அடிக்கிறதுல பாதிக்குமேல ஃபிலிமே ஓடாது. வெறும் லைட்டு. நிக்கிறவன் படம் எடுத்துட்டாங்கன்னு நெனச்சுகினு போவான். இது வந்துச்சுன்னா காட்டு காட்டுன்னு நிப்பானே, பொழப்பு போச்சேன்னு கேக்கறாரு.”

எல்லாரும் சிரித்தார்கள். ஏஜெண்டும் சிரித்தார். நான் பெஞ்சைப் பார்த்தேன். அந்தம்மா மடியிலிருந்த பையை எடுத்துக் கீழே வைத்தார். சிரிப்பு அடங்குகிறவரைக்கும் காத்திருந்தார். அவருக்கு எந்த அவசரமும் எப்போதும் இருந்ததில்லை.

“அண்ணா, நம்ம பையனுக்கு அடிச்சதும் அதுதானா?”

பெஞ்சில் இருந்த எல்லாருக்கும் அந்தம்மா எதற்காக வருகிறார் என்று தெரியும். ஏஜெண்ட் ஒருவருக்குத்தான் தெரியாது, அவரும் எதையோ உணர்ந்து கேமராவைப் பார்க்கத் தொடங்கினார். நான் கவுண்டருக்குப் பின்னால் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து ஒரே ஒரு ‘இல்லை’ வந்துவிடாதா என்று நான் அலுத்துப்போய்க் கிடந்தவள். அன்றைக்கு மட்டும் அவர் ‘இல்லை’ என்று சொல்லிவிட வேண்டுமே என்று இருந்தது. ஏதாவது ஒரு பொய். ஃபிலிம் சுற்றிக்கொண்டது, வெளிச்சம் பட்டுவிட்டது.

“ஆமாம்மா” என்றார்.

அந்தம்மா அழவில்லை. கோபப்படவும் இல்லை. “தலையெல்லாம் சீவிகினு நின்னிருப்பானே” என்றார். அதை எங்களிடம் சொன்ன மாதிரி இல்லை.

அவர் முன்னால் வந்து தரையில் குத்தவைத்து உட்கார்ந்தார். பேட்டரி தோளிலேயே தொங்கிக்கொண்டிருந்தது.

“நின்னாம்மா. எடுக்கல, ஆனா நான் பாத்தேன். கண்ண வச்சுப் பாத்தேன். நீலச் சட்டை, புதுசு. மிஷினுக்கு வச்ச குங்குமத்தையே நெத்தியிலயும் வச்சுகினு இருந்தான். ஒரு கைய மிஷின் மேல வச்சு, நெஞ்ச நிமித்தி நின்னான். லைட்டு அடிச்சதும் ஓடி வந்து, அண்ணே கண்ண மூடிட்டேனான்னு கேட்டான். இல்லடா, நல்லாத்தான் இருந்துச்சு, போடான்னேன். சிரிச்சுகினே போனான்.”

அந்தம்மா அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. “சிரிச்சானா?” என்று கேட்டார். “சிரிச்சாம்மா” என்றார் இவர். ஏஜெண்ட் கேமராவைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டு, விலை விவரத்தைக்கூடச் சொல்லாமல் கிளம்பிவிட்டார்.

பள்ளிக்கூடக் குரூப் போட்டோவைக் கொண்டுவரச் சொல்லி, அந்தப் பட்டாணி முகத்தை என்னால் முடிந்த அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுத்தேன். பெரிதாக்கினால் என்ன வரும்? புள்ளி புள்ளியாக ஒரு சாம்பல் வட்டம், அதில் கண் இருக்கிற இடத்தில் இரண்டு கறுப்பு. திதிக்கு அதைத்தான் வைத்து மாலை போட்டார்கள். அவர் போய்வந்தார். சாப்பிடச் சொன்னபோது ஆச்சு என்று உட்கார்ந்து சாப்பிட்டதாகச் சொன்னார்.

திதி முடிந்தால் அந்தம்மா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். இப்போது என்னிடம் எதுவும் கேட்பதில்லை. பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அவருக்காகக் காத்திருப்பார். அவரும் அந்த நாட்களில் மத்தியானமே வந்துவிடுவார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார். நீலச் சட்டை, குங்குமம், மிஷின் மேல் கை, கண்ண மூடிட்டேனா. அந்தம்மா கேட்டுவிட்டு, பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போவார்.

எனக்குத்தான் மனசு சும்மா இருக்கவில்லை. அன்றைக்கு அந்தக் கம்பெனியில் அவர் எத்தனை பேருக்கு அடித்திருப்பார். எத்தனை சட்டை, எத்தனை நெற்றி. அதில் ஒருவனை, பெயர்கூடத் தெரியாத ஒருவனை, இத்தனை மாதம் கழித்து ஒரு மனிதருக்கு இப்படி ஞாபகம் இருக்குமா? இருக்கலாம், அவர்தான் கண்ணை வைத்துப் பார்க்கிறவராயிற்றே என்று ஒரு நாள் தோன்றும். இந்தம்மாவுக்கும் பொத்தானை அமுக்குகிறார் என்று இன்னொரு நாள் தோன்றும். கேட்டால் ஆச்சு என்பார். அதனால் கேட்கவில்லை.

மழை பிடித்த ஒரு நாள். லேப்பில் கூட்டமில்லை. இரண்டு பேரும் பெஞ்சில். நான் மிஷினுக்குப் பேப்பர் மாற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அவருக்கு முந்தின நாள் கல்யாண வேலை, தூக்கமில்லை, குரலே கம்மியிருந்தது. குங்குமத்தைச் சொன்னார். மிஷின் மேல் கை வைத்ததைச் சொன்னார். “பச்சச் சட்டை, புதுசு” என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. மிஷின் அறைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவருக்குத் தான் சொன்னது தெரியவில்லை, தலையைச் சுவரில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தார். அந்தம்மா அவரைப் பார்த்தபடி இருந்தார். பிறகு அவர் தோளிலிருந்து சரிந்த பேட்டரி வாரை மெதுவாக ஏற்றிவிட்டார்.

“நீலம் அண்ணா” என்றார். “நீலச் சட்டை.”

அவர் கண்ணைத் திறந்தார். “ஆமாம்மா, நீலம்” என்றார்.

“கண்ண மூடிட்டேனான்னு கேட்டான்” என்றார் அந்தம்மா. “நீ இல்லடான்னு சொன்ன. அவன் சிரிச்சுகினே போனான்.”

“ஆச்சு” என்றார் அவர்.